அக்கா பெயரில் நட்ட எருக்கு

பட்டாம்பூச்சிக்காகத் தோட்டம் போடுவார்கள் என்று எங்கள் ஊரில் அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. கத்தரித் தோட்டம் உண்டு, மல்லித் தோட்டம் உண்டு. பூச்சி வந்தால் மருந்தடித்துப் பழக்கமே தவிர, வா என்று அழைத்து இடம் கொடுத்துப் பழக்கமில்லை. அதனால், உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் எங்கள் அறிவியல் டீச்சர், இறந்துபோன என் அக்காவின் நினைவாகப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பட்டாம்பூச்சித் தோட்டம் அமைக்கலாம் என்று சொன்னபோது, தலைமையாசிரியர் கேட்ட முதல் கேள்வி "வேலி போடணுமா?" என்பதுதான். பட்டாம்பூச்சி ஓடிவிடும் என்று பயந்தாரா, ஆடு உள்ளே வந்துவிடும் என்று பயந்தாரா என்று தெரியவில்லை.

அக்கா அதே பள்ளியில் எட்டாவது படித்தாள். நான் நாலாவது. ஐப்பசி மழை விட்ட பிறகு ஊரில் பாதிப் பேருக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கும் வந்தது, அப்பாவுக்கும் வந்தது, போய்விட்டது. அக்காவுக்கு மட்டும் போகவில்லை. உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் இருந்து செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து ஆம்புலன்ஸில் திரும்பி வந்தாள். தினமும் காலையில் எனக்குத் தலைவாரிச் சடை போட்டுவிடுவது அவள்தான். கண் இரண்டும் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவாள், நான் அழுவேன். அவள் போனபிறகு பின்னிவிட ஆளில்லாமல் அப்பா என்னைச் சலூனுக்கு அழைத்துப்போய்க் கழுத்தோடு வெட்டிவிட்டார். சலூன்காரர் கத்தரியை எடுத்தபோது நான் அழுத அழுகை அக்காவைக் கொண்டுபோன அன்றுகூட அழுததில்லை.

அம்மா அழுது நான் பார்க்கவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத் தெருவில் காலே வைப்பதில்லை என்று ஆனது. ரேஷன் கடைக்குப் போவதென்றால் ஏரிக்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு போவாள். பள்ளிக்கூட மணிச்சத்தம் எங்கள் வீடுவரை கேட்கும். அது அடிக்கிற நேரம் பார்த்து, அரைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் மிக்சியைப் போட்டுவிடுவாள். எனக்கு அந்த ஒரு வருஷத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை பள்ளிக்கூடத்துக்கு வர வேண்டும், மற்ற அம்மாக்களைப்போல கேட்டுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டம் போடப் போகிறார்கள், அதில் அக்கா பெயர் எழுதிய கல் வைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், இனி அம்மா வந்தே தீர வேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. ஒரே கூரை. பாகம் பிரித்தபோது நடுக்கூடத்தில் ஹாலோபிளாக் சுவர் எழுப்பிப் பாதியில் பெரியப்பா குடும்பமும் பாதியில் நாங்களுமாக இருந்தோம். அந்தப் பக்கம் பெரியம்மா தும்மினால் இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். அப்பாவும் பெரியப்பாவும் வீட்டில் பேசிக்கொள்ள மாட்டார்கள், டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பேப்பரைப் பிரித்துப் படிப்பார்கள். சண்டை பெண்களுடையது. அதற்குக் காரணம் பெரியம்மா வீட்டுக் குளியல் தண்ணீர். அது எங்கள் வாசலில் வந்து தேங்கும்.

அக்காவுக்குக் காய்ச்சல் வருவதற்குக் கொஞ்சநாள் முன்னால் அந்தத் தண்ணீரில் அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள். எழுந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கத்தினாள். "ஒன் வூட்ல எருக்கு மொளைக்க! ஒன் வூடு வெளங்காம போவ!" பெரியம்மா பதிலே பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆள் இல்லாமல் பாழாய்ப்போன வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து எண்ணம். ஆனால் அந்தத் திட்டு எங்கள் தெருவில் ஒன்றும் புதிதில்லை. கோழி மேய்ந்ததற்கு, கோலத்தில் சைக்கிள் ஏறியதற்கு எல்லாம் அதையேதான் சொல்வார்கள். அது பலித்திருந்தால் எங்கள் தெரு என்றைக்கோ எருக்கங்காடாகியிருக்கும். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

தோட்ட வேலை ஆடி மாதம் தொடங்கியது. அக்காவின் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் ஒன்பதாவதுக்கு வேறு பள்ளிக்குப் போயிருந்தார்கள். ஆனாலும் சனிக்கிழமைகளில் வந்துவிடுவார்கள். இரண்டு கட்டடத்துக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் நடுவில் இருந்த முற்றத்தில், டீச்சர் கோலமாவால் பெரிய பட்டாம்பூச்சி வரைந்தார். ஒவ்வொரு இறக்கையிலும் ஒவ்வொரு வகைச் செடி, நடுவில் உடம்பு இருக்கும் இடத்தில் நடைபாதை. கொடிக்கம்பம் குறுக்கே வந்ததால் இடது இறக்கை சிறுத்துப்போனது. பி.டி. சார் கபடிக்கு இடம் போய்விட்டதே என்று வலது இறக்கையிலும் கொஞ்சம் கேட்டார். கிடைக்கவில்லை. பஞ்சாயத்துத் தலைவர் செயற்கை நீரூற்று வைத்துத் தருவதாகச் சொன்னார். பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வந்தாலே போதும் என்று டீச்சர் சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். அப்பா டிராக்டரில் செம்மண் கொண்டுவந்து கொட்டினார். கொட்டிவிட்டு, மண்வெட்டியை வைத்துக்கொண்டு அந்தக் கோல இறக்கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ ஹாரன் அடித்தபிறகுதான் டிராக்டரை எடுத்தார்.

இட்லிப்பூ, செம்பருத்தி, சாமந்தி, கறிவேப்பிலை, எலுமிச்சை என்று எல்லாவற்றுக்கும் தலைமையாசிரியர் தலையாட்டினார். எருக்கு என்றதும் நிமிர்ந்தார்.

"எருக்கா? பள்ளிக்கூடத்துலயா? ஊர்ல என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்கம்மா."

"பூச்செடி மட்டும் வச்சா பட்டாம்பூச்சி வந்து தேன் குடிச்சிட்டுப் போயிடும் சார். முட்டை போடணும்னா அதுக்கு எருக்கு வேணும். அந்தப் பொண்ணு வளர்த்ததே அந்தப் பூச்சியைத்தான்" என்றார் டீச்சர்.

அது உண்மைதான். அக்கா ஏழாவது படிக்கும்போது ஏரிக்கரை எருக்கஞ்செடியிலிருந்து கோடுகோடாக இருந்த ஒரு புழுவை இலையோடு பறித்து வந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டி, வகுப்பு ஜன்னலில் வைத்தாள். தினமும் புது இலை பறித்துப் போட்டாள். புழு கூடாகித் தொங்கியது. பச்சை நிறத்தில், தங்கப்பொட்டு வைத்ததுபோல இருந்தது. ஒருநாள் காலை வழிபாடு முடிந்து வந்து பார்த்தால் வெந்தய நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி இறக்கையைக் காயவைத்துக்கொண்டிருந்தது. அதன் பெயரே வெந்தய வரியன் என்று டீச்சர் சொன்னார். நான் படித்த மூணாவது வகுப்பு வரைக்கும் கூப்பிட்டுக் காட்டினார்கள். நான்தான் அவள் தங்கச்சி என்று எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

கடைசியில் தலைமையாசிரியர் இறங்கிவந்தார். சத்துணவுக் கூடத்துப் பக்கம், சின்ன இறக்கையின் நுனியில், யார் கண்ணிலும் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பையன்கள் கரையிலிருந்து தோண்டி வந்த கன்றுகளில் பாதி வாடிப்போயின. மீதி பிழைத்து, ஐப்பசிக்குள் என் இடுப்பு உயரம் வந்துவிட்டன. சொல்லிவைத்தாற்போல வெந்தய வரியனும் வந்தது.

வீட்டில் நான் பூக்களைப் பற்றி மட்டும்தான் ஓயாமல் பேசினேன். அம்மா கேட்கிறாளா இல்லையா என்றே தெரியாது. ஒருநாள் சாயங்காலம் அம்மாவே கேட்டாள்.

"கனகாம்பரம் வெச்சிகீறாங்களா அங்க?"

இல்லை என்றேன். மறுநாள் காலை, பால் பாக்கெட் கவரில் மண்போட்டு, கொல்லையிலிருந்து பெயர்த்த கனகாம்பரக் கன்றை என் கையில் கொடுத்தாள். அக்கா வெள்ளிக்கிழமைகளில் கனகாம்பரம்தான் வைத்துக்கொள்வாள். வேறு பூ தலைவலிக்கும் என்பாள். அதை வாங்கிக்கொண்டு நான் ஓடிய ஓட்டத்தில் பாதி மண் தெருவிலேயே கொட்டிவிட்டது. டீச்சர் அதை வாங்கி, சின்ன இறக்கையில்தான் இடம் இருந்தது என்பதால் அங்கே வைத்தார். எருக்கின் காலடியில் வைத்ததுபோல ஆகிவிட்டது.

வருஷம் திரும்பிய நாளில் திறப்புவிழா. வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள். அக்காவின் பள்ளி அடையாள அட்டை போட்டோவை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியதில் அவள் யாரையோ முறைப்பதுபோல இருந்தாள். அவளைச் சுற்றி நீலமும் ஊதாவுமாக எங்கள் ஜில்லாவிலேயே இல்லாத பட்டாம்பூச்சிகள். ஆனால் அம்மா வந்தாள். சாமி கும்பிடப் போகிறவள்போலத் தலைக்குக் குளித்து, அப்பாவின் பின்னால் நடந்து, கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். பிளெக்ஸைப் பார்த்ததும் நின்று, அக்காவின் கன்னத்தை விரலால் தொட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று மெதுவாக நடந்தேன்.

பெரியம்மாவும் வந்திருந்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை. சத்துணவுக் கூடத்து நிழலில், பெரியப்பா மகனின் மனைவி, என் அண்ணி, மூன்று மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் பக்கத்தில் பெரியம்மா தூணோடு தூணாக நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கமே அழுதுகொண்டிருந்த குழந்தையை அம்மா அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. அன்றும் பார்க்கவில்லை.

தலைவர் ரிப்பன் வெட்டினார். டீச்சர் அம்மாவின் தோளில் கைவைத்து ஒவ்வொரு செடியாகக் காட்டிக்கொண்டு வந்தார். அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். கனகாம்பரத்தைப் பார்த்துக் குனிந்தாள். அது பூத்திருந்தது. குனிந்தவள் அப்படியே தலையைத் தூக்கினாள். கண்ணுக்கு நேராக எருக்கு.

"இது இன்னா?" என்றாள்.

டீச்சருக்கு அந்தத் திட்டும் தெரியாது, தண்ணீர்ச் சண்டையும் தெரியாது. நல்லதைச் சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னார். "இதுதாம்மா முக்கியமான செடி. உங்க பொண்ணு முதல்முதல்ல பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டு வந்ததே எருக்கு இலைதான். லீவு நாள்ல இலையும் புழுவுமா வீட்டுக்கே கொண்டுபோய்ப் பாத்துக்குவா. கட்டிலுக்கு அடியில வச்சிருந்தேன் டீச்சர்னு சொல்லுவா."

"எங்க வூட்டுக்கா?"

"ஆமாம்மா."

"எருக்கையா?"

டீச்சர் சிரித்த முகத்தோடு தலையாட்டினார். அம்மா சட்டென்று எருக்கின் தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வேர் வரவில்லை. தண்டு முறிந்தது. அடுத்ததைப் பிடித்தாள். இலைகளை உருவினாள், ஒடித்தாள், மிதித்தாள். கோடுபோட்ட புழுக்கள் மண்ணில் விழுந்து நெளிந்தன. மூச்சு வாங்கியது. பிள்ளையை நினைத்துத் துக்கம் தாங்காமல் செய்கிறாள் என்று எல்லோரும் ஒதுங்கி நின்றார்கள். அப்பா "வுடு, வுடு" என்றாரே தவிர கிட்டே போகவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வந்தாளே என்று சந்தோஷப்பட்டது போய், ஏன் வந்தாள் என்று ஆகிவிட்டது.

எல்லாவற்றையும் ஒடித்துவிட்டு அம்மா நிமிர்ந்தாள். அந்த ஒரு வருஷத்தில் முதல்முறையாக அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. அதைக் கையால் துடைத்தாள். கை முழுக்க எருக்கம்பால். இரண்டு கண்ணிலும் பட்டது.

அவள் அலறிய அலறலை நான் மறக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் முதலில் ஓடிவந்தவள் பெரியம்மா.

"கண்ணக் கசக்காதடி! கைய எடு! எடுன்றேன்ல?"

அம்மாவின் இரண்டு கையையும் பின்னால் பிடித்து, தரதரவென்று குழாய்க்கு இழுத்துப்போனாள். தலையைக் குனியவைத்து முகத்தில் தண்ணீர் ஓடவிட்டாள். அம்மாவின் புடவை, பெரியம்மாவின் புடவை எல்லாம் நனைந்து மண்ணில் புரண்டது. ரொம்பநேரம் கழுவிய பிறகும் கண் திறக்க முடியவில்லை. உடனே பெரியம்மா கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "எம்மா, கொயந்தயக் குடுத்துட்டு இங்க வா. கண்ணுல ரெண்டு சொட்டு பால் வுடு."

எருக்கம்பால் கண்ணில் பட்டால் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தலைமையாசிரியருக்கு அது புரிந்ததும், தலைவர், பி.டி. சார், பையன்கள் என்று எல்லா ஆண்களையும் கொடிக்கம்பத்துப் பக்கம் திருப்பி நிற்கவைத்தார். தேசியகீதம் பாடப் போவதுபோல அவர்கள் விறைப்பாக நின்றார்கள். அண்ணி குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அவ்வளவு சின்னக் குழந்தையை நான் அதற்குமுன் தூக்கியதில்லை. கழுத்து சாய்ந்துவிடக்கூடாதே என்ற பயத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவைச் சத்துணவுக் கூடத்துத் தரையில், எனக்குப் பக்கத்திலேயே, பெரியம்மாவின் மடியில் தலைவைத்துப் படுக்கவைத்தார்கள். அண்ணி குனிந்து பால் விட்டுவிட்டு நகர்ந்தாள். அப்பா ஆட்டோ பிடிக்க ஓடினார். கண்ணை மூடிக்கொண்டே அம்மா பேசினாள்.

"ஒனக்கு வுட்ட சாபம் எனக்கே வந்துச்சிக்கா."

பெரியம்மா அவள் நெற்றியில் ஒட்டிய ஈர முடியை ஒதுக்கினாள்.

"ஒரே வூடுதானக்கா. நடுவுல செவுரு வெச்சிகினா சாபத்துக்கு இன்னா தெரியும்? அதுக்கு எந்தப் பக்கம்னு தெரியல. எம்பொண்ண எடுத்துக்கிச்சி. நான்தாங்கா... என் வாயிதாங்கா..."

"வாய மூடு. கொசு கடிச்சி வந்த காச்சலு அது. ஊருக்கே வந்துச்சி."

"எருக்கு என் வூட்டுக்குள்ளயே வந்துகீதுக்கா. கட்டிலுக்கு அடியில."

பெரியம்மா தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அம்மாவின் கண்மேல் ஒற்றினாள். பிறகு, யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோலக் குனிந்துகொண்டு சொன்னாள். "நீயாவது தெருவுல நின்னு கத்திட்ட. நான் அன்னிக்கு உள்ள போயி, கதவ சாத்திகினு, சாமி படத்துக்கு முன்னால நின்னு சொன்னன். வாயத் தொறக்கல. மனசுக்குள்ளதான் சொன்னன். இன்னா சொன்னன்னு கேக்காத. நீ சொன்னத வுட மோசம். ஒரு வருசமா எனக்குத் தூக்கம் இல்லடி."

அம்மா மடியிலிருந்து எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். எழவில்லை. "கண்ணு எரியிதுக்கா" என்றாள். பெரியம்மா மறுபடியும் முந்தானையை நனைத்தாள். அவள் முகம் முழுக்கக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கும் மூடிய இமைக்குள்ளிருந்து வழிந்துகொண்டே இருந்தது. குழந்தை என் மடியை நனைத்துவிட்டது. நான் அசையவில்லை.

ஆஸ்பத்திரியில் மருந்து போட்டு அனுப்பினார்கள். கண் சிவந்து வீங்கி, இரண்டொரு நாளில் சரியாகிவிட்டது. கீழே விழுந்த புழுக்களை அக்காவின் சிநேகிதிகள் டிபன் பாக்ஸில் பொறுக்கி ஏரிக்கரை எருக்கில் கொண்டுபோய் விட்டார்கள். டீச்சர் அழுதார். தான் செய்த தப்பு என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒடிந்த எருக்கு அடுத்த மழைக்கு மீண்டும் துளிர்த்தது, அதை யாரும் பிடுங்கவில்லை. அம்மா அதன்பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நடுக்கூடத்துச் சுவரையும் யாரும் இடிக்கவில்லை, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் சில மாதங்கள் கழித்து அம்மா தெருவழியாகச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் குழந்தையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தாள். அந்தத் தண்ணீர் எங்கள் வாசலில்தான் வந்து நின்றது.

விழா நடந்த அன்று இரவு, கண்ணில் துணி கட்டிப் படுத்திருந்த அம்மாவிடம் நான் கேட்டேன். "பெரியம்மா கண்ணுலயும் எருக்கம்பால் பட்டுச்சாம்மா?"

அம்மா என் பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஆமா, பட்டுச்சி" என்றாள்.

எனக்கு நாள் முழுக்க இருந்த குழப்பம் அதோடு தீர்ந்தது. இருவரும் ஏன் அப்படி அழுதார்கள் என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. சாபம், சாமி படம், மனசுக்குள் சொன்னது எல்லாம் பெரியவர்கள் வலி பொறுக்காமல் ஏதோ பேசிக்கொண்டது என்று விட்டுவிட்டேன். விடிந்ததும் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு, சிந்தாமல் தெருவைச் சுற்றிப் போய்ப் பெரியம்மாவின் முன்னால் நீட்டினேன்.

"அம்மா குடுத்தனுப்புச்சா?"

"நான்தான் எடுத்தாந்தேன். கண்ணக் கழுவிக்கோ பெரியம்மா. எரியும்ல?"

பெரியம்மா என்னையே பார்த்தாள். பிறகு வாசலில் குந்தி உட்கார்ந்து, சொம்பை வாங்கி, தண்ணீர் தீரும்வரை கண்ணைக் கழுவினாள். நான் காலி சொம்பை வாங்கிக்கொண்டு, நல்ல வேலை செய்த திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். பெரியம்மா எருக்கைத் தொடவே இல்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை.